பழைய கேட்லாக் கார்டும் ஒரு குட்டிப் பாலமும்

எங்க காலேஜ் லைப்ரரில சும்மா கிடந்த பழைய கேட்லாக் கார்டு, கத்தரி, ஃபெவிகால் எல்லாத்தையும் ஒரு மேஜைல பரப்பி வச்சேன், யாரையும் கூப்பிடல. ரெண்டு வருஷமா ஃபேனுக்கு அடில உக்காந்து போன் மட்டும் பாத்துட்டுப் போற சிவில் பையன் ஒருத்தன், கார்ட மடிச்சு மடிச்சு ஒரு குட்டிப் பாலம் கட்டிட்டான். நடுவுல அது தொங்குது. "மேடம், பாலம் பத்தின புக் எந்த ரேக்ல?"ன்னு வந்து நிக்குறான், எனக்கு அவ்ளோ சந்தோஷம்!

லைப்ரரில என்ன விளையாட்டுன்னு கேக்குறவங்களே, நம்ம சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன், 1924ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி லைப்ரரியன் ஆனவர், லண்டன்ல படிக்கப் போனப்ப ஒரு கடைல மெக்கானோங்கிற விளையாட்டு செட்டை பாத்தாராம், அதே பட்டை அதே நட்டு போல்ட்டு, மாத்தி மாட்டினா வேற வேற பொம்மை, அங்க புடிச்ச ஐடியாதான் 1933ல வந்த கோலன் பகுப்பு முறை, அதாவது புக்கோட பொருள சின்னச் சின்னத் துண்டாப் பிரிச்சு, அதுங்கள சேத்து நம்பர் போட்டு அடுக்குற முறை.

நாளைக்கு இன்னும் ரெண்டு டப்பா கார்டு எடுத்து வைக்கணும்.