கெட்டமின் மையம் தேடிய கதை

பல மருந்துகளை மாற்றிப் பார்த்தும் மனச்சோர்வு குறையாத என் தோழிக்காக, நாங்கள் வசிக்கும் அமெரிக்க நகரத்தில் ஒரு மாதமாகக் கெட்டமின் என்ற மருந்தைத் தரும் சிகிச்சை மையங்களைத் தேடி அலைந்தேன். முதல் இடத்தில் சாய்வு நாற்காலியும் மெல்லிய இசையும் இருந்தன. சிகிச்சையின்போது இரத்த அழுத்தத்தை யார் பார்ப்பார்கள் என்று கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. அப்போதே எழுந்து வந்துவிட்டோம்.

கெட்டமின் 1970-இல் மயக்க மருந்தாகவே அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது; மனச்சோர்வுக்கு அதை மருத்துவர்கள் தம் பொறுப்பில்தான் தருகிறார்கள் என்பதை விளம்பரங்கள் உரக்கச் சொல்வதில்லை. 2019-இல் அந்நோய்க்கு அனுமதி பெற்றது கெட்டமினின் ஒரு வடிவமான எஸ்கெட்டமின் என்ற மூக்குத் தெளிப்பு மருந்து. அதைச் சான்று பெற்ற மையத்தில் மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும். குறைந்தது இரண்டு மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும். நன்கு உறங்கி மறுநாள் எழும்வரை வண்டி ஓட்டக் கூடாது. வீட்டுக்கே அஞ்சலில் வரும் கெட்டமினில் இந்தக் காவல் எதுவும் இல்லை என்பதால் அதை நான் அறவே ஏற்கவில்லை.

மூன்றாவதாகச் சென்ற மையத்தின் மருத்துவர், மருந்தைப் பற்றிப் பேசுமுன் குடும்பத்தில் எவருக்கேனும் மனச்சிதைவு உண்டா, இதய நோய் உண்டா, சிறுநீர்ப்பையில் தொந்தரவு உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கையால் எழுதிக்கொண்டார். தோழி அங்கேதான் செல்கிறாள். வியாழக்கிழமை அவளை அழைத்து வரப் போகிறேன்.