பீப்பாயில் கிடந்தது போதாதா, குன்னூரிலும் கிடக்கணுமா?

மலையில் இருக்கிறவர்கள் கையில் ஒரு நல்ல ரெட் ஒயின் பாட்டில் கிடைத்தால் உடனே ஒரு ஆசை வந்துவிடும். இங்கேதான் குளிர் இருக்கிறதே, பேசாமல் பத்து வருஷம் போட்டு வைப்போம், பிரமாதமாகிவிடும் என்று. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அதுவும் ஸ்பெயினின் ரியோஹா ஒயின் என்றால் சுத்தமாக இல்லை, ஏனென்றால் காத்திருக்கிற வேலையில் பெரும்பகுதியை அங்கே செய்கிறவர்களே முடித்துவிட்டுத்தான் கடைக்கு அனுப்புகிறார்கள்.

பேச்சு கிளம்பியது மச்சான் வீட்டில். அவர் மகள் ஸ்பெயினில் பில்பாவோ நகரத்தில் வேலை பார்க்கிறாள், லீவுக்கு வரும்போது ஒரே ஒயினில் இரண்டு பாட்டில் கொண்டுவந்தாள். (விமானத்தில் வருகிறவர்களுக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர் வரைதான் வரி இல்லை, அதனால் மூன்றாவது பாட்டிலுக்கு வழியில்லை.) 2016 அறுவடை, ரெசெர்வா. பெரும்பங்கு டெம்ப்ரானில்லோ திராட்சை, அதோடு கொஞ்சம் கர்னாச்சா, கிராசியானோ, மசுவேலோ. டெம்ப்ரானில்லோவுக்குப் புளிப்பு சற்றுக் குறைவு. கிராசியானோவும் மசுவேலோவும் அந்தப் புளிப்பைக் கொடுக்கும், கர்னாச்சா கனத்தையும் பழவாசனையையும் கொடுக்கும். ரியோஹாக்காரர்கள் நான்கையும் கலப்பது சும்மா இல்லை.

லேபிளில் உள்ள ரெசெர்வா என்கிற சொல்லுக்குப் பின்னால் சட்டமே இருக்கிறது, ஒயினை எவ்வளவு காலம் வைத்திருந்தார்கள் என்று சொல்லும் தரப்பெயர் அது. கிரியான்சா என்றால் குறைந்தது இரண்டு வருஷம் வைத்திருக்க வேண்டும், அதில் ஒரு வருஷமாவது ஓக் பீப்பாயில். ரெசெர்வாவுக்கு மூன்று வருஷம், அதில் ஒரு வருஷம் பீப்பாயில், ஆறு மாதமாவது பாட்டிலில். கிரான் ரெசெர்வா ஐந்து வருஷம், பீப்பாயில் இரண்டு, பாட்டிலில் இரண்டாவது இருக்க வேண்டும். பீப்பாய் 225 லிட்டர் கொள்ளும், பிரான்சின் போர்தோ ஊர்ப் பாணி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிலாக்ஸெரா பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்தபோது போர்தோ வியாபாரிகள் சரக்கு தேடி மலையைத் தாண்டி ரியோஹாவுக்கு வந்தார்கள், பீப்பாய்ப் பழக்கம் அங்கே ஆழமாக வேரூன்றியதில் அவர்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் மரம் மட்டும் பெரும்பாலும் அமெரிக்க ஓக். அந்த ஒயினில் வரும் வெனிலா, தேங்காய் வாசனையெல்லாம் அந்த மரத்தின் வேலை, பீப்பாயின் உட்புறத்தை நெருப்பில் வாட்டுவதால் லேசான புகைவாசனையும் சேரும்.

தோட்டத்தில் வரிசையாக சில்வர் ஓக் நிற்கிறதே, அதில் ஒரு பீப்பாய் செய்தால் என்ன என்று மச்சான் கேட்டார். அது பெயரில்தான் ஓக். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம், மக்கடாமியா கொட்டை மரத்துக்குச் சொந்தக்காரன். தேயிலைக்கு நிழல் தருவதோடு அதை விட்டுவிடலாம்.

சரி, ருசிக்கு வருவோம். மச்சான் தேயிலை ருசி பார்க்கிற வேலையில் காலம் தள்ளியவர், ஒயினையும் அப்படியே சத்தம் வர உறிஞ்சி, வாய் முழுக்கச் சுழற்றி, "மாப்ளே, துவர்ப்பு இருக்கு, ஆனா கடிக்கல" என்றார். எனக்கு அதைவிடச் சரியாகச் சொல்லத் தெரியாது. டேனின் என்று ஒயின்காரர்கள் பேசுவது நாக்கில் இழுத்துப் பிடிக்கும் அந்தத் துவர்ப்பைத்தான். பீப்பாயின் மரத்தின் வழியே துளித்துளியாகக் காற்று புகும், துவர்ப்புத் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து முரட்டுத்தனம் குறையும், நிறமும் நிலைக்கும், நாளாக ஆக ஊதா போய் செங்கல் நிறம் வரும். கிளாஸைச் சாய்த்து ஓரத்தைப் பார்த்தால் எங்கள் ஒயினில் அந்தச் செங்கல் நிறம் ஏற்கெனவே தெரிந்தது. முதலில் காய்ந்த செர்ரி, அப்புறம் வெனிலா, முக்கால் மணி நேரம் திறந்து வைத்த பிறகு தோலும் புகையிலையும் கலந்த ஒரு வாசனை.

தொட்டுக்கொள்ள மட்டன் மிளகு வறுவல். மிளகாய் அதிகம் போட்ட குழம்போடு இந்த ஒயினைக் குடிக்காதீர்கள், காரம் ஆல்கஹாலையும் துவர்ப்பையும் தூக்கிக் காட்டி எரிச்சலாக்கிவிடும். கறி ஏன் ஒத்துப்போகிறது என்றால், கறியில் உள்ள புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்கிறது, கட்டன் சாயாவில் பால் ஊற்றினதும் துவர்ப்பு அடங்குவது போல. ரியோஹாவில் ஆட்டு விலாவைத் திராட்சைக் கொடிச் சுள்ளியில் சுட்டுத் தின்கிறார்கள், கணக்கு அதே கணக்குதான்.

இப்போது இரண்டாவது பாட்டில். குன்னூர் குளிர்ந்த ஊர்தான், ஆனால் ஒயினுக்கு வேண்டியது குளிர் மட்டும் இல்லை, மாறாத குளிர். பன்னிரண்டு, பதினான்கு டிகிரியில் அசையாமல் நிற்க வேண்டும். தகரக்கூரை வீட்டுப் பரணில் மதியம் அடுப்பாகவும் விடியற்காலை ஐஸாகவும் இருக்கும், சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கி ஒயின் கார்க்கை அசைத்துவிடும், அந்த இடுக்கில் காற்று உள்ளே போகும். கணப்பு மூட்டுகிற அறையும் ஆகாது. வடக்குப் பக்கக் கல்சுவரை ஒட்டித் தரைமட்ட அலமாரி இருந்தால் அங்கே படுக்க வையுங்கள், கார்க் நனைந்தே இருக்கும். மழைக்காலத்தில் லேபிளில் பூஞ்சை பூக்கும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம், உள்ளே ஒன்றும் ஆகாது.

இத்தனையும் சரியாக அமைந்தாலும் எங்கள் ரெசெர்வாவில் புதுப் பழத்தின் வாசனை ஏற்கெனவே பின்வாங்கத் தொடங்கியிருக்கிறது. இன்னும் இரண்டு மூன்று வருஷம் தாங்கும், அதற்குமேல் வெறும் மரமும் புளிப்பும்தான் மிஞ்சும் என்பது என் கணிப்பு. கிரான் ரெசெர்வா என்றால் பேச்சு வேறு, நல்ல வருஷத்துச் சரக்கு இருபது வருஷம்கூடத் தாங்கும். இந்த கிறிஸ்துமஸுக்கே திறந்துவிடலாம் என்கிறேன் நான். பேத்தி பிறந்த பிறகு என்கிறார் மச்சான். மகளுக்கு இன்னும் மாப்பிள்ளையே பார்க்கவில்லை, ஆனால் பாட்டில் அவருடையது.