கேண்டீன் மேஜைக்கு அடியில் ஒரு போலி வைஃபை

கோயம்புத்தூரில் பம்ப் செட் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். 11 வருடம் ஆகிறது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள், மேனேஜ்மென்ட்டிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, காலை பத்தரை மணி டீ நேரத்தில் கேண்டீன் மேஜைக்கு அடியில் ஒரு சின்ன ஆக்சஸ் பாயிண்ட்டை, அதாவது வைஃபை கொடுக்கும் பெட்டியை, வைத்தேன். எங்கள் ஆபீஸ் வைஃபைக்கு இருக்கும் அதே பெயரை அதற்கும் வைத்திருந்தேன். என் லேப்டாப்பில் ஒரு போலி ரேடியஸ் சர்வர், அதாவது வைஃபைக்குள் யாரை விடலாம் என்று சரிபார்க்கும் சர்வர், ஓடிக்கொண்டிருந்தது. இருபது நிமிடத்தில் 19 கருவிகள் அதைத் தேடி வந்தன. அதில் 14, எதிரே இருப்பது யார் என்றே பார்க்காமல், யூசர்நேமையும் பாஸ்வேர்டு சோதனைக்கான பதிலையும் கொடுத்துவிட்டன. ஒன்று எங்கள் ஃபைனான்ஸ் ஹெட்டுடைய போன்.

அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏனென்றால் பாதுகாப்பான வைஃபை என்று சொல்லி அந்த அமைப்பைப் போட்டவளே நான்தான்.

அதற்கு முன்னால் இருந்த நிலை இன்னும் மோசம். ஸ்டோர்ஸ் ரூம் ஒயிட்போர்டில் எழுதிவைத்த ஒரே பாஸ்வேர்டுதான் தொழிற்சாலை முழுக்க. ஒருவர் வேலையை விட்டுப் போனால் அதை மாற்ற வேண்டும். மாற்றினால் ஸ்கேனர், பிரிண்டர், லேப்டாப் என்று எல்லாவற்றிலும் போய்ப் போய் அடிக்க வேண்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போய்விடும். அதனால் மாற்றாமலே விட்டோம். அப்புறம் கம்பெனிகளுக்கான வைஃபை பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ2 எண்டர்பிரைஸுக்குப் போனோம். ஆளுக்கொரு யூசர்நேம், ஆளுக்கொரு பாஸ்வேர்டு. விண்டோஸில் லாகின் செய்யும் அதே பாஸ்வேர்டுதான். வெளியே பீப் (PEAP) என்ற டனல், அதாவது என்கிரிப்ட் செய்த பாதை. அதற்குள் எம்எஸ்சாப் வி2 (MS-CHAPv2) என்ற கேள்வி பதில், பாஸ்வேர்டை நேராக அனுப்பாமல் அது தெரியும் என்று நிரூபிக்கும் முறை. உலகத்தில் பாதி ஆபீஸ்களில் இதுதானே இருக்கிறது என்ற தைரியம் எனக்கு.

இந்த டனலுக்கு ஒரு நிபந்தனை உண்டு. பாஸ்வேர்டு விவகாரம் தொடங்குவதற்கு முன்பே, எதிரே இருக்கும் சர்வருடைய சர்டிபிகேட்டை, அதாவது அதன் டிஜிட்டல் அடையாள அட்டையை, போன் சரிபார்க்க வேண்டும். அந்தச் சோதனையை நீக்கிவிட்டால் டனலின் மறுமுனையில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். ஆனால் போன் செட்டிங்கில் 'வேலிடேட் செய்ய வேண்டாம்' என்று ஒரு தேர்வு இருந்தது. எங்கள் ஐடி டீம் அனுப்பிய வழிகாட்டியில் அதைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தோம். அதைத் தேர்ந்தெடுத்தால் உடனே கனெக்ட் ஆகும், ஹெல்ப்டெஸ்க்குக்கு போன் வராது. 2020 டிசம்பரில் ஆண்ட்ராய்டு 11க்கு வந்த அப்டேட்டில் பிக்சல் போன்களில் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். பல ஊர்களில் ஐடி ஆட்கள் கோபப்பட்டார்கள். கேண்டீன் சோதனைக்குப் பிறகு அந்த முடிவு சரிதான் என்று எனக்குத் தோன்றியது.

'பதில்தானே போயிற்று, பாஸ்வேர்டு போகவில்லையே' என்று ஒரு சீனியர் கேட்டார். நியாயமான கேள்வி. 2012இல் டெஃப்கான் என்ற ஹேக்கர் மாநாட்டில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் மாக்ஸி மார்லின்ஸ்பைக், டேவிட் ஹல்டன் இருவரும் இதற்குப் பதில் காட்டிவிட்டார்கள். எம்எஸ்சாப் வி2 எவ்வளவு சிக்கலாகத் தெரிந்தாலும், அதன் மொத்த பலமும் டெஸ் (DES) என்ற பழைய என்கிரிப்ஷன் முறையின் ஒரே ஒரு சாவிக்கு, அதாவது 56 பிட்டுக்குச் சுருங்கிவிடுகிறது. அதை உடைக்க அவர்கள் கட்டிய இயந்திரத்துக்கு ஒரு நாள் போதும். பாஸ்வேர்டு எவ்வளவு நீளம் என்பதே அங்கே பொருட்டில்லை. உடைத்தால் கிடைப்பது அந்தப் பாஸ்வேர்டின் ஹாஷ், அதாவது பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்டு எடுத்த மதிப்பு. விண்டோஸ் டொமைனில் பல இடங்களில் அந்த ஹாஷ் இருந்தாலே உள்ளே நுழைந்துவிடலாம். ஃபைனான்ஸ் ஹெட்டுடைய வைஃபை லாகினும் கம்ப்யூட்டர் லாகினும் ஒன்றுதான் என்பதை இங்கே சேர்த்துப் பாருங்கள்.

அதனால் இரண்டு பக்கமும் சர்டிபிகேட் காட்டும் ஈஏபி-டிஎல்எஸ் (EAP-TLS) முறைக்கு மாறினோம். பத்திர ஆபீஸில் வாங்குகிறவர், விற்கிறவர் இருவருமே அடையாள அட்டை காட்டுகிறோம் இல்லையா, அதே மாதிரி. லேப்டாப் முதலில் ஆக்சஸ் பாயிண்ட்டோடு பேசும்போது, அடையாளம் காட்டும் பேச்சைத் தவிர வேறு ஒரு பாக்கெட்டும் உள்ளே போகாது. அந்தப் பேச்சை ஆக்சஸ் பாயிண்ட் வாங்கி, 1812 போர்ட் வழியாக ரேடியஸ் சர்வருக்குத் தள்ளிவிடும். முதலில் சர்வர் தன் சர்டிபிகேட்டைக் காட்டும். அது நம் கம்பெனியின் சிஏ, அதாவது சர்டிபிகேட் வழங்கும் அமைப்பு, கொடுத்ததுதானா, அதில் இருக்கும் சர்வர் பெயர் சரியா என்று லேப்டாப் பார்க்கும். திருப்தி ஆனால்தான் தன் சர்டிபிகேட்டை நீட்டும், தன் பிரைவேட் சாவியால் கையெழுத்துப் போட்டு நிரூபிக்கும். அந்தச் சாவி, லேப்டாப்பில் சாவிகளைப் பூட்டி வைக்கும் டிபிஎம் சிப்பை விட்டு வெளியே வருவதே இல்லை. பேச்சு முடிந்ததும் இரண்டு பக்கமும் ஒரே ரகசியத்தைக் கணக்கிட்டிருக்கும். அதை வைத்து அந்த லேப்டாப்புக்கு மட்டுமான என்கிரிப்ஷன் சாவி உருவாகும். இதில் பாஸ்வேர்டு என்ற ஒன்றே கிடையாது, திருடவும் ஒன்றுமில்லை.

சர்வர் பெயரையும் சரிபார்க்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், நிறையப் பேர் விட்டுவிடும் இடம் இது. சர்வருக்குப் பொதுவான ஒரு சிஏவிடம் சர்டிபிகேட் வாங்கிவிட்டு, அந்த சிஏவை நம்பு என்று மட்டும் போனில் போட்டால், அதே சிஏவிடம் தன் சொந்த டொமைனுக்கு சர்டிபிகேட் வாங்கிய யாரையும் போன் நம்பிவிடும். நாங்கள் சொந்த சிஏ வைத்தோம். அதன் ரூட் சாவி, அதாவது எல்லாவற்றுக்கும் மூலமான சாவி, இருக்கும் கம்ப்யூட்டர் எந்த நெட்வொர்க்கிலும் இல்லை, அக்கவுண்ட்ஸ் ரூம் பெட்டகத்துக்குள் இருக்கிறது. தினசரி சர்டிபிகேட் கொடுப்பது அதற்குக் கீழே இருக்கும் இன்னொரு சிஏ.

இன்னொரு சின்ன விஷயம். இந்தப் பேச்சுக்கு அடிப்படையான டிஎல்எஸ்ஸின் 1.2 பதிப்பு வரை, கருவி காட்டும் சர்டிபிகேட் காற்றில் திறந்தபடியேதான் போகும். அதில் ஆள் பெயர் இருந்தால் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறவருக்கும் தெரியும். 2022இல் வந்த ஆர்எஃப்சி 9190 என்ற இணையத் தரநிலை, டிஎல்எஸ் 1.3ஓடு இதை மறைத்துவிட்டது. எங்கள் பழைய ஸ்கேனர்களுக்கு 1.3 தெரியாது. அதனால் சர்டிபிகேட்டில் ஆள் பெயரைப் போடாமல் கருவியின் சொத்து எண்ணைப் போட்டோம்.

லேப்டாப்கள் சுலபமாக முடிந்தன. டொமைனில் இருப்பதால் சர்டிபிகேட் தானாகவே இறங்கிவிட்டது. என்னைப் படுத்தியது ஸ்டோர்ஸில் இருக்கும் பார்கோடு ஸ்கேனர்கள். கருவிகளைத் தூரத்திலிருந்து நிர்வகிக்கும் எம்டிஎம் மென்பொருள் வழியாக ஒவ்வொன்றுக்கும் சர்டிபிகேட் அனுப்பி, இரண்டு வாரம் நன்றாக ஓடியது. அப்புறம் ஒரு திங்கட்கிழமை காலை ஆறு மணி ஷிப்டில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர் கூப்பிட்டார். "அம்மா, நாலு ஸ்கேனர் வைஃபை எடுக்கலைங்க." போய்ப் பார்த்தேன். சனிக்கிழமை மாலை சார்ஜில் போடாமல் விட்டுப் போயிருக்கிறார்கள். பேட்டரி சுத்தமாக இறங்கி, ஆன் செய்ததும் கடிகாரம் பல வருடம் பின்னால் போய் நின்றிருந்தது. ஸ்கேனரின் கணக்குப்படி எங்கள் சர்வருடைய சர்டிபிகேட் இன்னும் பிறக்கவே இல்லை, அதனால் ஏற்க மறுக்கிறது. நேரத்தைத் திருத்த நெட்வொர்க் வேண்டும். நெட்வொர்க்குக்குள் வர நேரம் சரியாக இருக்க வேண்டும். கையால் நேரத்தைத் திருத்தினால் முப்பது வினாடியில் வேலை முடிந்தது. ஸ்கேனர் சரியாகத்தான் நடந்துகொண்டது என்பதில் எனக்கு உள்ளூர சந்தோஷம்தான். சார்ஜர் ஸ்டாண்டுக்கு மேலே நேரம் திருத்தும் முறையைத் தமிழில் எழுதி ஒட்டினேன். சூப்பர்வைசர் அதை லேமினேட் செய்துவிட்டார்.

இரண்டாவது யூனிட் பொள்ளாச்சி ரோட்டில் இருக்கிறது, நடுவில் விபிஎன், அதாவது இணையம் வழியாகப் போகும் எங்கள் தனிப் பாதை. அங்கே லேப்டாப் ஒன்றுகூட ஏறவில்லை. எங்கள் ரேடியஸ் சர்வர் மென்பொருளான ஃப்ரீரேடியஸின் லாகில் ஒரே காட்சி திரும்பத் திரும்ப: சர்வர் கேட்கிறது, சில பாக்கெட் வரும், லேப்டாப் தன் சர்டிபிகேட்டை அனுப்ப வேண்டிய அதே இடத்தில் பேச்சு நின்றுவிடும். மறுப்பும் இல்லை, எர்ரரும் இல்லை. மூன்று நாள் சர்டிபிகேட்டையே சந்தேகப்பட்டேன். கடைசியில் இரண்டு முனையிலும் பாக்கெட் பிடித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. பாஸ்வேர்டு பதில் என்பது சின்னப் பொருள். சர்டிபிகேட் சங்கிலி பெரியது. லேப்டாப் அதைத் துண்டு போட்டுத்தான் அனுப்புகிறது, ஆனால் அந்தத் துண்டுக்கு மேல் ரேடியஸ் உறை, அதற்கு மேல் யுடிபி, அதற்கு மேல் விபிஎன் என்று சேரும்போது ஒரு பாக்கெட்டுக்கான 1500 பைட் எல்லையைத் தாண்டி, ஐபி மட்டத்தில் மறுபடி உடைகிறது. உடைந்த யுடிபி துண்டுகளை நடுவில் இருந்த ஃபயர்வால் சத்தமில்லாமல் கீழே போட்டுக்கொண்டிருந்தது. அங்கே ஒரு ரூல் மாற்றினேன், அடுத்த நிமிடம் எல்லாம் ஏறியது. அடுத்த முறை கொடுத்த சர்டிபிகேட்களை ஆர்எஸ்ஏ என்ற சாவி வகையிலிருந்து அதைவிடச் சின்னதான பி-256க்கு மாற்றினேன், அளவும் நன்றாகக் குறைந்தது. தூரத்துக் கிளையில் ஈஏபி-டிஎல்எஸ் மட்டும் வேலை செய்யாமல், பாஸ்வேர்டு முறை ஓடுகிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

அப்புறம் ஒரு லேப்டாப் தொலைந்தது. சேல்ஸில் இருக்கும் ஒரு தம்பி மதுரை பஸ்ஸில் பையை விட்டுவிட்டான். பயந்துபோய் இரவு பதினொரு மணிக்குக் கூப்பிட்டான். "அக்கா, எல்லார் பாஸ்வேர்டையும் மாத்தணுமா?" வேண்டாம் என்றேன். அந்த ஒரு சர்டிபிகேட்டை மட்டும் ரத்து செய்து, ரத்துப் பட்டியலை வெளியிட்டேன். பத்து நிமிட வேலை, வேறு யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஆனால் மனம் கேட்காமல் மறுநாள் ஒரு சோதனை லேப்டாப்பின் சர்டிபிகேட்டை அதே மாதிரி ரத்து செய்து பார்த்தேன். அது நன்றாக உள்ளே வந்தது! எங்கள் ரேடியஸ் சர்வர் ரத்துப் பட்டியலை ஸ்டார்ட் ஆகும்போது மட்டும்தான் படித்தது. போதாததற்கு, பழைய டிஎல்எஸ் செஷனை ஞாபகம் வைத்து, முழுச் சோதனை இல்லாமல் உள்ளே விட்டது. இப்போது பட்டியல் மாறினால் தானாக ரீஸ்டார்ட், செஷன் ஞாபகம் ஆஃப். ரத்து செய்வது வேறு, ரத்து வேலை செய்கிறதா என்று பார்ப்பது வேறு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு சர்டிபிகேட்டைக் கொன்று பார்க்கிறேன்.

மகப்பேறு விடுப்பு முடிந்து ஆறு மாதம் கழித்து வந்த ஒரு தோழிதான் இன்னொரு ஓட்டையைக் காட்டினாள். லேப்டாப் ஆறு மாதம் அலமாரியில் இருந்தது. அதற்குள் சர்டிபிகேட் காலாவதி. காலாவதி ஆனதால் வைஃபை இல்லை, வைஃபை இல்லாததால் புதுசு வாங்க வழி இல்லை. அவள் இருந்த மாடியில் கேபிள் பாயிண்ட்டும் கிடையாது. முதல் நாளே, குழந்தையை விட்டுவிட்டு வந்த மனநிலையில், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கி என் மேஜைக்கு வந்தாள். அது எனக்குக் கஷ்டமாக இருந்தது. அந்த வாரமே, புதுப்பிக்கும் சர்வரைத் தவிர வேறு எங்கும் போக முடியாத தனி வைஃபை ஒன்றைப் போட்டேன்.

காலாவதி தேதியையும் பரப்பினேன். முதல் முறை எல்லா லேப்டாப்புக்கும் ஒரே நாளில் கொடுத்ததால், எல்லாம் ஒரே நாளில் முடிய இருந்தது. இப்போது முப்பது நாள் மிச்சம் இருக்கும்போதே ஒவ்வொன்றும் தானாகப் புதுப்பித்துக்கொள்கிறது. பத்து நாள் மிச்சம் இருந்தும் புதுப்பிக்காதவை மட்டும் ஒரு பட்டியலாகக் காலையில் என் மெயிலுக்கு வரும். இன்று அதில் இரண்டு பெயர்.

மிச்சம் இருப்பது இரண்டு பழைய சிஎன்சி மெஷின். அவற்றின் வைஃபை அடாப்டருக்கு ஒற்றைப் பாஸ்வேர்டைத் தவிர வேறெதுவும் தெரியாது. தனி விஎல்ஏனில், அதாவது நெட்வொர்க்கில் பிரித்து வைத்த ஒரு பகுதியில், ஒரே ஒரு சர்வரை மட்டும் தொடும்படி அடைத்து வைத்திருக்கிறேன். போன வாரம் மெயின்டனன்ஸ் அண்ணாவோடு பேசியதில், அடுத்த ஷட்டவுனில் கேபிளே இழுத்துவிடலாம் என்றார். நாற்பது மீட்டர் வரும் என்று அளந்து வைத்திருக்கிறோம்.