அழுகைக்கு ஐந்து புள்ளி

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவ டவுனில் எனக்கு ஒரு சின்னக் கொமியுனிகேஷன் கடை இருக்கிறது. போட்டோகொப்பி, ரீலோட், லைட் பில், பாஸ்போர்ட் சைஸ் படம், அவ்வளவுதான். தேயிலைத் தோட்டத்தில் சம்பளம் போடும் பத்தாம் தேதியை ஒட்டி கடை நிரம்பிவிடும். பில்லைக் கட்டிவிட்டு மிச்சக் காசை எண்ணும்போது யாராவது ஒரு அம்மா ஃபோனை நீட்டுவார். "தம்பி, இந்தப் புள்ளைக்கு ஒரு முந்நூறு போட்டுவிடு." மூக்கில் குழாய் சொருகிய ஒரு குழந்தையின் படம், கீழே ஒரு வங்கிக் கணக்கு இலக்கம்.

தோட்டத்து ஆட்கள் என்றால் வாங்குகிறவர்கள், வெளியில் இருப்பவர்கள் கொடுக்கிறவர்கள் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் கடையில் வந்து நின்றால் அந்த நினைப்பு மாறும். நாள் சம்பளம் 2021-இல் ஆயிரமாகி 2024-இல் 1,350 ரூபாய் ஆனது. அதில் முந்நூறு என்றால் கிட்டத்தட்டக் கால் நாள் மலையில் நின்ற காசு. அதை முகம் தெரியாத ஒரு பிள்ளைக்குப் போடுகிறார்கள்.

நான் அந்தப் படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்ப்பேன். பல தடவை அதே குழந்தை வேறு பெயரில், வேறு ஊரில், வேறு நோயோடு வரும். சொன்னால் சிலர் கேட்பார்கள். ஒரு பாட்டி மட்டும் என்னை வாயடைக்க வைத்துவிட்டார். "பொய்யா இருந்தா பாவம் அவனுக்கு. நெசமா இருந்து நான் போடாம விட்டா பாவம் எனக்கு. நீ போடு." இந்தக் கணக்கை உடைக்க என்னிடம் பதில் இல்லை. இந்தப் படங்களைப் போடும் ஃபேஸ்புக் பக்கங்களை நடத்துகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

காசே கேட்காத பதிவுகளும் உண்டு. "ஷேர் பண்ணினால் ஃபேஸ்புக் இந்தக் குழந்தைக்கு ஒரு ரூபாய் கொடுக்கும்" என்பது அதில் ரொம்பப் பழசு. ஃபேஸ்புக் அப்படி யாருக்கும் கொடுப்பதில்லை. அப்படியானால் பதிவு போட்டவனுக்கு என்ன லாபம்? ஆள் சேர்வதுதான். ஷேரால் பக்கம் வளர்ந்த பிறகு பெயரை மாற்றி ஃபோன் விற்கலாம், வெளிநாட்டு வேலை விளம்பரம் போடலாம், பக்கத்தையே விற்றுவிடலாம். பக்கத்தின் விவரப் பகுதிக்குப் போனால் பழைய பெயர்களெல்லாம் வரிசையாக இருக்கும். போன வருடம் 'குழந்தையைக் காப்போம்', இந்த வருடம் 'சூப்பர் ஒஃபர்ஸ்' என்ற மாதிரி.

ஒரு முகத்தைப் பார்த்தால் இளகுவது நம் ஊர்ப் பலவீனம் மட்டும் இல்லை. 2007-இல் அமெரிக்காவில் ஸ்மோல், லோவன்ஸ்டீன், ஸ்லோவிக் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். ஆட்களின் கையில் ஐந்து டொலரைக் கொடுத்துவிட்டு, பஞ்சத்துக்கு உதவுங்கள் என்று கேட்டார்கள். இத்தனை இலட்சம் பேர் பட்டினி என்று புள்ளிவிபரம் காட்டியபோது சராசரியாக 1.14 டொலர் கொடுத்தார்கள். மாலி நாட்டைச் சேர்ந்த ரொக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியைக் காட்டியபோது 2.38. சிறுமியோடு புள்ளிவிபரத்தையும் சேர்த்துக் காட்டியபோது 1.43-க்கு இறங்கிவிட்டது! அதாவது விஷயம் முழுசாகத் தெரியத் தெரிய, கை சுருங்குகிறது. இது தெரிந்தவன் முழு விஷயத்தையும் ஏன் சொல்லப்போகிறான்?

ஃபேஸ்புக்கும் இதில் சும்மா இருக்கவில்லை. 2017-இலிருந்து சில காலம், சாதாரண லைக்குக்கு ஒரு புள்ளி என்றால், கண்ணீர் வடிக்கும் முகம், கோப முகம் போன்றவற்றுக்கு ஐந்து புள்ளி என்று வைத்திருந்தது 2021-இல் வெளியான உள் ஆவணங்களில் தெரிந்தது. ஐயோ பாவம் என்று நாம் அமுக்கிய அழுகை முகம் அந்தப் பதிவை இன்னும் பத்துப் பேரிடம் தள்ளியது. நடுவில் விளம்பரம். பிறகு அந்தக் கணக்கை மாற்றினார்கள். ஆனால் அழ வைத்தால் ஆள் சேரும் என்பதைப் பக்கம் நடத்துகிறவர்கள் அதற்குள் படித்து முடித்துவிட்டார்கள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுக்க 600 பேருக்கு மேல் செத்தார்கள். மலையகத்தில் மண் சரிந்த இடங்கள் ஒன்றிரண்டு இல்லை. வெளியிலிருந்து சனம் அள்ளி அள்ளிக் கொடுத்தது, அதை மறக்க மாட்டேன். கூடவே கெமராக்களும் வந்தன.

எங்கள் தோட்டத்து மேற்பிரிவில் எனக்கு அக்கா முறையான ஒருவர் இருக்கிறார். கணவர் இல்லை, ஒரே மகன். புயலில் கூரைத் தகரம் இரண்டு பறந்துவிட்டது. ஒரு வேனில் மூன்று பையன்கள் உலர் உணவுப் பொதியோடு வந்தார்கள். அரிசி, பருப்பு, சீனி, கோதுமை மா, ஒரு பால்மா பக்கெட், சவர்க்காரம். அக்காவுக்குச் சந்தோஷம். சிரித்துக்கொண்டே வாங்கினார். "அக்கா, சிரிக்காதீங்க. இன்னொருக்கா எடுப்பம்" என்றான் கெமராக்காரன். பொதியைத் திருப்பி வாங்கி, திருப்பிக் கொடுத்தார்கள். அப்புறம் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், அவருடைய அறையான காம்பராவுக்குள் போனார்கள். டிவி கண்ணில் பட்டது. அதன் மேல் ஒரு பெட்ஷீட்டைப் போடச் சொன்னார்கள். மகனை முன்னால் நிப்பாட்டி, "அப்பா ஞாபகம் வருதா?" என்று கேட்டார்கள். அவன் அழுதான். அதோடு ஷூட்டிங் முடிந்தது.

வீடியோ யூடியூபில் வந்தபோது தலைப்பு: 'பசியால் துடிக்கும் தாய், கடைசி வரை பாருங்கள்'. அன்று காலை அக்கா வீட்டில் ரொட்டியும் கட்டச் சம்பலும். யாரும் துடிக்கவில்லை. கூரைதான் பிரச்சினை. கூரையைப் பற்றி வீடியோவில் ஒரு வார்த்தை இல்லை. அது சரி, கடைசி வரை ஏன் பார்க்க வேண்டும்? யூடியூபில் விளம்பரக் காசு வர வழக்கமாக 1,000 சந்தாதாரர்களும், பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணித்தியாலம் பார்க்கப்பட்டிருப்பதும் தேவை. அக்காவின் மகன் அழுத நிமிடங்களும் அந்தக் கணக்கில் சேரும்.

கருத்துப் பெட்டியில் முதலில் கும்பிடும் கைகள். பிறகு ஒரு புத்திசாலி வந்தான். "கூரையில் டிஷ் அன்டனா தெரியுது. இவங்களுக்கு எதுக்கு உதவி?" அதன் கீழே நூறு பேர். டிவியை மூடத் தெரிந்தவர்களுக்கு அன்டனாவை மூடத் தெரியவில்லை. பாடசாலையில் மகனுக்கு 'துடிக்கும் தாய்' என்று பட்டப்பெயர். ஒரு வாரம் போக மாட்டேன் என்று வாசல் திண்ணையான இஸ்தோப்பிலேயே உட்கார்ந்திருந்தான்.

எல்லாரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஒரு வீடியோவால் செயற்கைக்கால் கிடைத்த பையனை எனக்குத் தெரியும். ஆனால் அந்த வேன் பையன்கள்கூட இதில் சின்னக் கங்காணிகள்தான், அதாவது வேலையை மேய்க்கிற ஆட்கள். பெரிய பங்கு போவது தளங்களுக்கு. மடுவத்தில், அதாவது தோட்டத்து நிறுவைக் கொட்டகையில், தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கு, சாக்குக்கு என்று கிலோ கழிப்பார்கள். அதற்கே எங்கள் ஆட்கள் சண்டை பிடிப்பார்கள். 2022-இல் பிபிசி, சிரியா அகதி முகாம்களில் பிள்ளைகளை வைத்து டிக்டொக் நேரலையில் கையேந்தும் குடும்பங்களைப் பற்றி விசாரித்தது. பார்ப்பவர்கள் அனுப்பிய அன்பளிப்பில் 70 சதவீதம் வரை டிக்டொக்கே எடுத்துக்கொண்டது என்று கண்டுபிடித்தார்கள். நூறு கிலோவில் எழுபது கிலோவை ஈரம் என்று கழிக்கிற மடுவத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

கொடுத்ததைக் காட்டிக்கொள்வது நம்மிடம் முன்பே இல்லாததா என்று கேட்கலாம். இருந்ததுதான். கோயில் டியூப் லைட்டில் 'உபயம்' என்று வெளிச்சத்தையே மறைக்கிற அளவுக்குப் பெயர் எழுதியிருப்பார்கள். திருவிழாவில் ஐந்நூறு கொடுத்தவர் பெயரை ஸ்பீக்கரில் மூன்று தரம் வாசிப்பார்கள். எனக்கு அதில் பெரிய கோபம் இல்லை. அங்கே கொடுத்தவன் பெயர்தான் ஊருக்குத் தெரியும். இந்த வீடியோக்களில் வாங்கினவள் முகம் தெரிகிறது, அவளுடைய பிள்ளையின் முகம் தெரிகிறது, அது என்றைக்கும் அழியாமல் கிடக்கிறது. எங்கள் லயத்தில் ஒரு சாவு விழுந்தால் சாவுச் செலவுக்கு உதவும் மரணாதார சங்கக் காசு வரும், அதற்கு மேல் ஒரு கொப்பியில் பெயர் எழுதி இருநூறு, முந்நூறு சேர்ப்பார்கள். சாவு வீட்டுக்காரரை யாரும் பொதியோடு நிற்க வைப்பதில்லை.

இன்னொன்று. பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் அந்த அக்கா ஏன் இன்னும் இருக்கிறார், வீடு கட்ட ஏழு பேர்ச் காணி என்ற பேச்சு அவர் வரைக்கும் ஏன் வரவில்லை, தகரம் மாற்றுவது கம்பெனியின் பொறுப்பா அரசாங்கத்தின் பொறுப்பா என்று அந்த வீடியோ கேட்கவே கேட்காது. கேட்டால் பார்க்கிறவருக்கு இளகாது, எரிச்சல்தான் வரும். ரொக்கியாவுக்குப் பக்கத்தில் புள்ளிவிபரம் வைத்த கதைதான்.

அக்கா என்னிடம் வந்து கேட்டது ஒன்றுதான்: "இத அழிக்க முடியுமா தம்பி?" யூடியூபில் தனியுரிமை முறைப்பாட்டுப் படிவம் இருக்கிறது. படத்தில் இருப்பவரே அனுப்ப வேண்டும், முகம் தெரியும் நிமிடத்தைக் குறித்துக் கொடுக்க வேண்டும். அதனால் அவருக்கு ஒரு மின்னஞ்சல் திறந்து, வீடியோவை ஓடவிட்டு நிமிடங்களை எழுதினோம். மகன் அழும் இடம் வந்ததும் அவர் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டார், மிச்சத்தை நான் பார்த்து எழுதினேன். போட்டவருக்கு 48 மணித்தியாலம் அவகாசம் கொடுப்பார்களாம். இரண்டாம் நாள் முகத்தை மட்டும் மங்கலாக்கிவிட்டார்கள். தலைப்பு அப்படியே இருக்கிறது. இதற்கிடையில் ஃபேஸ்புக்கில் வேறொரு பக்கம் பழைய வீடியோவையே வெட்டிப் போட்டிருக்கிறது. அதற்கு வேறு படிவம். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை, மகனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.