பாரிஸ் தடாகங்களில் மீண்டும் நீந்தத் தொடங்குவோருக்கு

கீரிமலைக் கேணியிலோ பருத்தித்துறைக் கடலிலோ சின்ன வயதில் நீந்தப் பழகியவர்கள் பாரிஸில் பலர். குசினி வேலையிலும் மெற்றோவிலுமாகப் பத்துப் பதினைந்து வருடம் போனபின், டொக்டர் எடையையும் சீனியையும் காட்டி “நீந்துங்கோ” என்று சொல்லும்போதுதான் தடாகத்தின் நினைப்பே வருகிறது. பழகிய நீச்சல் மறக்காது. ஆனால் அந்த நீச்சலோடு அப்படியே இங்கே இறங்கினால் 25 மீற்றர் முடியுமுன்னே இளைத்துவிடும். அதற்கும் முன்னால், உடுப்பைப் பார்த்தே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஆண்கள் முழங்கால்வரை தொங்கும் அரைக்காற்சட்டையோடு இறங்க முடியாது. ஜட்டி வடிவிலோ பொக்ஸர் வடிவிலோ உடம்போடு ஒட்டிய நீச்சல் உடை வேண்டும். தெருவில் போட்டுத் திரிந்த உடுப்பு தண்ணீருக்குள் வரக்கூடாது என்பது அவர்களின் கணக்கு. தலைக்குத் தொப்பி கட்டாயம். மொட்டைத் தலை என்று வாதாடிப் பயனில்லை. பெண்கள் ரீசேட்டும் லெகின்ஸும் போட்டு இறங்க விடமாட்டார்கள். ஒற்றைத் துண்டு நீச்சல் உடையில் பிரச்சினை இல்லை. கை கால் முழுக்க மூடிய உடையைப் பெரும்பாலான நகரசபைத் தடாகங்கள் ஏற்பதில்லை. 2022இல் கிரெனோபிள் நகரசபை அதை அனுமதிக்கப் போய், விவகாரம் நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம்வரை சென்று தடையில் முடிந்தது. ஆகவே உடை வாங்கமுன் வாசலில் ஒட்டியிருக்கும் விதிப் பலகையைப் பார்த்துவிடுங்கள். டெகத்லோன் விளையாட்டுச் சாமான் கடையில் தொப்பியும் சாதாரண உடையும் மலிவாகவே கிடைக்கும்.

லொக்கருக்கு ஒரு யூரோ நாணயம் கேட்கும் இடமும் உண்டு, சொந்தப் பூட்டு கேட்கும் இடமும் உண்டு. இரண்டையும் பையில் போட்டுக்கொள்வது நல்லது. நீச்சல் உடையோடேயே சவர்க்காரம் போட்டுக் குளித்து, கால் நனைக்கும் சின்னத் தொட்டியைக் கடந்துதான் தடாகத்துக்குப் போகவேண்டும். நம்மவர்கள் இந்தக் குளிப்பைச் சும்மா நனைவதோடு முடித்துவிடுகிறார்கள். தடாகத்தில் மூக்கை அரிக்கும் மணம் வெறும் குளோரினின் மணமல்ல. வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் கலந்து உண்டாகும் குளோரமின். கண் எரிவதும் இருமல் வருவதும் பெரும்பாலும் அதனால்தான். தலைக்கு எண்ணெய் வைத்த நாளில் ஷாம்பூ போட்டு முழுகிவிட்டே இறங்குங்கள்.

அடுத்த சிக்கல் நேரம். பள்ளி நாட்களில் தடாகங்களைப் பிள்ளைகளின் வகுப்புகள் பிடித்துக்கொள்ளும். பொதுமக்களுக்குப் பெரும்பாலும் காலை 7 முதல் 8.30 வரையும், மதியம் 11.30 முதல் 1.30 வரையும்தான். திங்கட்கிழமை பல இடங்களில் பூட்டு. உணவகத்தில் மதிய வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையில் கிடைக்கும் இரண்டு மூன்று மணித்தியாலம் இதற்குள் பொருந்தாது. புதன் பின்னேரமும் வார இறுதியும்தான் வழி. பூட்டும் நேரத்துக்கு முன்னரே தண்ணீரை விட்டு எழுப்பிவிடுவார்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

லா சப்பலுக்குக் கிட்ட என்றால் 18ஆம் வட்டாரத்து எபேர் தடாகம். 20ஆம் வட்டாரத்து ஜோர்ஜ் வலேறே 1924 ஒலிம்பிக்குக்காகக் கட்டியது. அமெரிக்க நீச்சல் வீரர் ஜொனி வைஸ்முல்லர் 100 மீற்றரை ஒரு நிமிடத்துக்குள் நீந்தித் தங்கம் வென்ற இடம். சேன் நதியிலும் 2025 கோடையில் மூன்று இடங்களைத் திறந்துவிட்டார்கள், 1923 முதல் இருந்த தடைக்குப் பிறகு. ஆனால் நீண்ட இடைவெளியின் பின் இறங்குபவர் தொடங்கவேண்டிய இடம் நீரோட்டமுள்ள ஆறு அல்ல.

இனி நீச்சல். கேணியிலும் கடலிலும் பழகியவர்கள் பெரும்பாலும் தலையை வெளியே தூக்கி நீந்துவார்கள். கடலில் உப்பு தூக்கிக் கொடுக்கும். நன்னீரில் தலை உயர்ந்தால் இடுப்பும் காலும் தாழும். பிறகு நெஞ்சால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். தாழ்ந்த காலை உயர்த்த வேகமாக அடித்தால், தொடைத் தசைகள் ஒட்சிசனை அள்ளிக் குடித்துவிடும். இதற்குமேல் மூச்சையும் அடக்கினால் காபனீரொட்சைட் தேங்கி, பத்து மீற்றரிலேயே பதற்றம் பிடிக்கும். ‘ஸ்டமினா இல்லை’ என்று பலர் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

முதல் நாள் ஆழங்குறைந்த பக்கத்தில் சுவரைப் பிடித்து, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, மூக்காலும் வாயாலும் குமிழி விட்டபடி மெதுவாக மூச்சை வெளியேற்றுங்கள். பக்கவாட்டில் திரும்பி உள்ளிழுங்கள். ஒரு கண் தண்ணீருக்குள்ளேயே இருந்தால் தலை சரியாகத் திரும்புகிறது என்று அர்த்தம். பத்துத் தடவை இப்படிச் செய்தபின் ஒரு 25 மீற்றர், அதுவும் பேசிக்கொண்டு போகலாம் என்கிற வேகத்தில். 30 முதல் 45 விநாடி ஓய்வு. இப்படி எட்டுத் தடவை, மொத்தம் 200 மீற்றர், அதோடு வீட்டுக்குப் போய்விடுங்கள். இன்னும் முடியும்போல இருக்கும்போதே நிறுத்தினால்தான் அடுத்த தடவை வர மனம் வரும். வாரத்தில் இரண்டு நாள் போதும், மூன்று நாள் இன்னும் நல்லது. வாரத்துக்கு 100 மீற்றருக்கு மேல் கூட்டவேண்டாம். முதலில் ஓய்வைக் குறையுங்கள், தூரம் பிறகு.

தோள் நோகத் தொடங்கினால் கை விழும் இடத்தைப் பாருங்கள். தலைக்கு நேர் முன்னால், நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் விழுந்தால் தோள் மூட்டு நசியும். தோளுக்கு நேரே விழவேண்டும். நாள்முழுக்கச் சட்டி தூக்கும் தோள் இதைப் பொறுக்காது. தவளை நீச்சலில் முழங்கால் நொந்தால் காலை அகல விரிப்பதைக் குறையுங்கள். கெண்டைக்கால் பிடித்தால் மல்லாந்து மிதந்து, கால்விரல்களைத் தன்பக்கம் இழுத்துப் பிடிக்கவேண்டும்.

தடத்தில் எப்போதும் வலப்பக்கமாகப் போய் வலப்பக்கமாகவே திரும்பி வருவது வழக்கம். ஓய்வெடுப்பவர் மூலைக்கு ஒதுங்கவேண்டும். நடுச்சுவரில் நின்றால் பின்னால் வருபவர் திரும்ப முடியாமல் முறைப்பார். அதில் நியாயமும் உண்டு.

இன்சுலின் போடுபவர்கள் டொக்டரிடம் முன்கூட்டியே கேட்டு, குளுக்கோஸ் வில்லையைத் தடாக ஓரத்தில் வைத்து, தடாகத்து உயிர்காப்பாளரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சோறு சாப்பிட்டால் இரண்டு மணித்தியாலம் கழித்து இறங்குங்கள். வெளியே வந்ததும் நன்னீரில் குளித்து, நீச்சல் உடையையும் அலசி, முறுக்கிப் பிழியாமல் நிழலில் காயவிடுங்கள். வெப்பமூட்டியின் மேல் போட்டால் இழுபடும் நூல் சீக்கிரமே தளர்ந்துவிடும்.