மாத்திரையும் பாம்பன் பாலமும்

தங்கச்சிமடத்தில் பஸ் ஏறினால் ராமநாதபுரத்தில் நான் கணக்கு எழுதும் கடைக்குப் போக ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். நடுவில் பாம்பன் பாலம். அதில் அவசரத்துக்குக்கூட இறங்க முடியாது. சர்க்கரை நோய்க்கும் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாள், சரியாக அந்தப் பாலத்தின் மேல்தான் வயிற்றைக் கலக்கியது. மண்டபத்தில் இறங்கி ஓடினேன். அரை நாள் சம்பளம் போனது.

நாலு மாதமாக மாதவிடாய் வரவில்லை. ஸ்கேனில் 'நீர்க்கட்டி', அதாவது பிசிஓஎஸ் என்றார்கள். அது கட்டியே இல்லை, முழுதாக வளராமல் சினைப்பையில் நின்றுபோன முட்டைப்பைகள் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. "கல்யாணம் பண்ணி வச்சா சரியாப் போயிரும்" என்றார் பெரியம்மா. முதலில் பார்த்த இடத்தில் இதற்குத்தான் மெட்ஃபார்மின் காலையும் இரவும் 500 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். நானும் காலையில் வெறும் வயிற்றில் கடுங்காப்பியோடு விழுங்கினேன். பத்து நாள் தாக்குப்பிடித்துவிட்டு, அட்டையைத் தூக்கி அலமாரியில் போட்டுவிட்டேன்.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, "சாப்பிட்டுட்டா போட்டீங்க?"

இந்த மருந்து ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு குடலில்தான் சேருமாம். அங்கே இருக்கும் பாக்டீரியாக்களின் கலவையையும் மாற்றும். குடலின் சளிப்படலத்தில் வாழும் அக்கர்மான்சியா என்ற வகை பெருகுவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். மருந்து வேலை செய்வதில் ஒரு பங்கு இந்த வழியாகவும் இருக்கலாம் என்றார். பிசிஓஎஸ் உள்ள பெண்களிடம் குடல் பாக்டீரியாவின் வகைகள் குறைந்திருப்பதாகவும் பல ஆய்வுகள் சொல்கின்றன. பாக்டீரியா குறைந்ததால் பிசிஓஎஸ் வந்ததா, பிசிஓஎஸ்ஸால் பாக்டீரியா குறைந்ததா என்பது இன்னும் தீரவில்லை.

சரி, என் பஸ்ஸுக்கு என்ன வழி? மெல்லக் கரையும் மாத்திரையாக மாற்றினார். உடைக்காமல் விழுங்க வேண்டும். இரவுச் சாப்பாட்டோடு 500, இரண்டு வாரம் கழித்து 1000, இன்னும் இரண்டு வாரம் கழித்து 1500. கலக்கினாலும் ராத்திரி வீட்டில்தானே! ஆனால் லேசாகத்தான் கலக்கியது, ஒரு மாதத்தில் அதுவும் நின்றது.

மருந்துக்கடையில் பார்த்த, நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் பொடியைப் பற்றிக் கேட்டேன். காசு இருந்தால் வாங்குங்கள், மாத்திரைக்கு அது பதில் இல்லை என்றார். கேப்பைக் கூழும் சுண்டலும் முருங்கைக்கீரையும் போதுமாம். அந்த நார்ச்சத்தைப் பாக்டீரியா புளிக்க வைத்துத்தான் குடல் சுவருக்குத் தீனி போடுகிறது. அம்மா பழைய சோற்றுக் கட்சி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாப்பிடுகிறேன், என்ன இருந்தாலும் அது சோறுதானே.

நீண்ட நாள் போட்டால் வைட்டமின் பி12 குறையலாம், ரத்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். "தினம் மீன் திங்கிறோமே டாக்டர்?" என்றேன். மீனில் இருக்கிறது, உடம்பு அதை உறிஞ்சுவதைத்தான் இந்த மாத்திரை குறைக்கும் என்றார்.

நாலாவது மாதம் மாதவிடாய் வந்தது. அடுத்தது 41 நாளில், அதற்கடுத்தது 36-இல். பிசிஓஎஸ்ஸோடு வந்த தாடை முடி மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்கு மெட்ஃபார்மின் பெரிதாக உதவாதாம். மாதம் ஒரு தடவை நூல்தான்.