நெருப்பை மூடிய சொல்

கர்ச்சீப்பும் கர்ஃப்யூவும் உடன்பிறப்புகள் என்று தெரிந்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு வரலாற்றுக் கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். 'ஊரடங்கு' என்று எழுதியபின், மூலச்சொல்லின் பிறப்பையும் பார்த்துவிடலாம் என்று அகராதியைத் திறந்தேன். அவ்வளவுதான், கட்டுரை அன்று அங்கேயே நின்றது.

பிரெஞ்சில் அது 'கூவ்ர்-ஃபெ'. நெருப்பை மூடு என்று பொருள். இடைக்கால ஐரோப்பிய ஊர்களில் இரவு மணி அடித்ததும் அடுப்புத் தணலை மூட வேண்டும். மர வீடுகள் நெருங்கி நின்ற தெருவுக்கு ஒரு பொறி போதும். கர்ச்சீப் 'கூவ்ர்-ஷெஃப்': தலையை மூடு. தலையில் கட்டிய துணி பிறகுதான் கைக்கு வந்தது. புத்தகத்துக்குப் போடும் 'கவரு'ம் இதே வினைதான்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது 'ஃபெ' என்ற அந்த ஓரெழுத்து. லத்தீனில் நெருப்புக்கு 'இக்னிஸ்' என்று வேறொரு சொல் இருந்தது. மக்கள் பேச்சில் அது நிலைக்கவில்லை. அடுப்பைக் குறித்த 'ஃபோகுஸ்' அதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. இத்தாலியில் ஃபுவோகோ, ஸ்பானிய மொழியில் ஃபுவேகோ. பிரெஞ்சில் நடுவிலிருந்த ககரம் தேய்ந்து ஃபெ. நெருப்பின் பெயரை அடுப்படி முடிவு செய்திருக்கிறது! எனக்கு இதைவிட நிறைவான செய்தி இல்லை.

அதே ஃபோகுஸ் அறிஞர்களின் லத்தீனில் தேயாமல் காத்திருந்தது. 1604இல் வானியலாளர் கெப்ளர் தம் ஒளியியல் நூலில், நாம் இன்று குவியம் என்று சொல்லும் புள்ளிக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். செவ்வாய் நீள்வட்டத்தில் சுற்றுகிறது, அதன் ஒரு குவியத்தில் சூரியன் இருக்கிறது என்று 1609இல் எழுதியவரும் அவரே. பள்ளியில் மனப்பாடம் செய்த அந்த விதியை இப்போது மீண்டும் வாசித்தேன்: சூரியன் அடுப்பில் இருக்கிறது. நாற்பது ஆண்டுகளாகத் தெரிந்த வரி, அன்றுதான் எனக்குச் சுட்டது.

தணலை மூட உலோக மூடி ஒன்று வைத்திருந்தார்கள். அதற்கும் கூவ்ர்-ஃபெ என்றே பெயர். அதன் அடியில் கங்கு சாம்பல் பூத்துக் கிடக்கும். காலையில் ஊதினால் மறுபடி பற்றிக்கொள்ளும்.

மொழிபெயர்ப்பில் 'ஊரடங்கு' என்பதை நான் மாற்றவில்லை. தீயையும் நாம் அடங்கியது என்றுதானே சொல்கிறோம்.